அத்தியாயம் 5: இடம் தவறிய கொழுப்பு

2004-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் சின்னதாக ஒரு குறிப்பு வந்தது. கூடவே ஒரு புகைப்படம். படத்தில் இருந்தவர்கள் இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள்: புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கின். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. குறியீடு இருவருக்கும் ஒன்றேதான், 22.3. எந்த அட்டவணையிலும் இது குண்டு ஆகாது. ஆனால் ஸ்கேனில் உடல் கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதமும் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதமும் வந்தது. பி.எம்.ஐ. கணக்கில் சமமாக நின்ற இரண்டு பேரில் ஒருவர், மற்றவரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பைச் சுமந்துகொண்டிருந்தார்.

சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் உள்ள தொடர்பைப் பேசும்போது இந்தப் படத்திலிருந்து தொடங்குவதுதான் சரி. ஏனென்றால் நம்மில் பாதிப் பேர் பருமன் என்ற சொல்லைக் கேட்டதுமே அது யாரோ ஒரு கனத்த ஆளைப் பற்றிய பேச்சு என்று ஒதுங்கிவிடுகிறோம். "எனக்கு வெயிட்டே இல்லையே டாக்டர், எனக்கு எப்படி சுகர் வந்துச்சு?" என்ற கேள்வி கேட்காத புறநோயாளிப் பிரிவு தமிழ்நாட்டில் இருக்காது. கேட்பவர் பெரும்பாலும் மெலிந்த கைகால்களும் சட்டைப் பொத்தானை இழுத்துப் பிடிக்கும் வயிறுமாக உட்கார்ந்திருப்பார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடியே 60 லட்சம் பேருக்கு அதன் முந்தைய நிலை என்ற எண்கள்தான் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தன. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதே ஆய்வின் வேறு இரண்டு எண்களை. பி.எம்.ஐ. கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுச் சுற்றளவுக் கணக்கில் பருமனானவர்கள் 39.5 சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறவர்கள்தான் 'வெயிட்டே இல்லாதவர்கள்'. இந்த அத்தியாயம் முதன்மையாக அவர்களுக்கு.

கொழுப்புக்கு உரிய இடம்

கொழுப்பைக் கெட்ட பொருளாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் தோலுக்கு அடியில், தொடையிலும் இடுப்பிலும் சேரும் கொழுப்பு, வீட்டுக் குதிரில் கொட்டி வைத்த நெல். பஞ்ச காலத்துக்கு என்று உடல் எடுத்து வைப்பது. குதிர் நிரம்பிய பிறகும் நெல் வந்துகொண்டே இருந்தால் அது அடுப்படியிலும் நடையிலும் படுக்கையிலும் கிடக்கும். வீடு புழங்க முடியாமல் போகும். கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் கொழுப்பு படிவது அப்படிப்பட்ட நிலைதான்.

இது வெறும் ஊகம் இல்லை. லிப்போடிஸ்ட்ரோஃபி என்று ஒரு அரிய நோய் இருக்கிறது. அது வந்தவர்களுக்குத் தோலடிக் கொழுப்புத் திசு அநேகமாக இருப்பதே இல்லை. எலும்பும் தசையுமாக, பார்ப்பதற்கு விளையாட்டு வீரர்போல இருப்பார்கள். கொழுப்புதான் எதிரி என்றால் இவர்களுக்குச் சர்க்கரை நோய் எட்டிப்பார்க்கவே கூடாது. நடப்பது நேர்மாறு. கடுமையான சர்க்கரை நோயும் கல்லீரல் வீக்கமும் இவர்களுக்கு இளம் வயதிலேயே வருகின்றன. சேமிக்க இடமில்லாத கொழுப்பு முழுவதும் உறுப்புகளில் போய்ப் படிகிறது.

மறுபக்கச் சோதனை ஒன்றும் நடந்தது. 2004-இல் அமெரிக்காவில், வயிறு பருத்த 15 பெண்களுக்கு லிப்போசக்‌ஷன் முறையில் தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் ஏறத்தாழ 10 கிலோ. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் திறனில் எந்த முன்னேற்றமும் இல்லை. இடுப்பளவு குறைந்தது, உடம்பின் உள்நிலை மாறவில்லை. அழகு நிலைய விளம்பரங்களில் 'கொழுப்பைக் கரைத்து சுகரை விரட்டுங்கள்' என்று படித்தால் இந்த 15 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

குதிரின் கொள்ளளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். தெற்காசியர்களான நமக்கு அது பொதுவாகச் சிறியது. ஓர் ஐரோப்பியருக்கு 30 பி.எம்.ஐ.யில் வரும் சிக்கல் நமக்கு 25-க்குள்ளேயே வந்துவிடுகிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன் என்று வரம்பைத் தனியாகக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

செல்லுக்குள் நடப்பது

கொழுப்பு இடம் தவறினால் இன்சுலினுக்கு என்ன ஆகிறது? இங்கேதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் வருகிறது. ஆங்கிலத்தில் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்பார்கள். மனக்கவலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது செல்லின் வேதியியல்.

ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் உண்டு. சாப்பாட்டிலிருந்து வந்த சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து ஆற்றலாக்குவது இவற்றின் வேலை. எரிக்கும்போது எலெக்ட்ரான்கள் ஒரு வரிசையில் கைமாறிக் கைமாறிச் சென்று, கடைசியில் நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜனைச் சேர்ந்து தண்ணீராகின்றன. உடல் உழைத்து ஆற்றலைச் செலவழிக்கும்வரை இந்த வரிசை தடையில்லாமல் ஓடும். எரிபொருள் வந்து குவிந்து, ஆற்றலுக்குத் தேவை இல்லாமலும் போனால் வரிசை தேங்குகிறது. தேங்கிய இடத்தில் எலெக்ட்ரான்கள் கசிந்து நடுவழியிலேயே ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கின்றன. அப்படிப் பிறப்பது சூப்பர்ஆக்சைடு. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை உண்டாகின்றன. இவை புரதம், கொழுப்புச் சவ்வு, டி.என்.ஏ. என்று அகப்பட்டதைத் தாக்கக்கூடியவை.

சிறிதளவு கசிவு எப்போதும் உண்டு. அதைச் சமாளிக்க உடம்பிலேயே சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாத்தியோன் என்று ஒரு காவல்படை இருக்கிறது. கசிவு இந்தப் படையின் கைமீறும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

வேளாவேளைக்கு நிறையச் சாப்பிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பவரின் தசைச் செல் இந்த நிலைக்கு மிக எளிதாக வந்துவிடும். ஆக்சிஜன் மூலக்கூறுகளின் இந்தத் தொல்லை, செல்லுக்குள் ஜே.என்.கே. போன்ற சில அபாய நொதிகளைத் தட்டி எழுப்புகிறது. வழக்கமாக இன்சுலின் செல்லின் வெளிச்சவ்வைத் தொட்டதும் உள்ளே ஒரு செய்தி கைமாறிப் போகும். அதைக் கேட்டு, சர்க்கரையை உள்ளே கொண்டுவரும் குளூட்-4 என்ற புரதம் மேலே வரும். அபாய நொதிகள் இந்தச் செய்தியை நடுவிலேயே மழுங்கடித்துவிடுகின்றன. இரத்தத்தில் இன்சுலின் இருக்கிறது. செல்லின் காதில் விழவில்லை. இதையே இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். தசையிலும் கல்லீரலிலும் படிந்த கொழுப்பின் இடைப்பொருட்கள் இதே செய்தியை வேறு வழியிலும் தடுக்கின்றன. ஆகவே குற்றவாளி ஒருவர் மட்டும் இல்லை.

வயிற்றுக்குள் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு வேறு ஒரு கைங்கரியமும் செய்கிறது. கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறிப் பருக்கும்போது இரத்தக் குழாயிலிருந்து தூரமாகிவிடுவதால் அவற்றுக்குப் போதிய ஆக்சிஜன் போய்ச் சேருவதில்லை. சில செல்கள் செத்துப்போகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான மேக்ரோஃபேஜ்கள் வந்து குவிகின்றன. இதுவரை நல்லதுதான். ஆனால் வந்தவை திரும்பிப் போவதில்லை. அழற்சிப் பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான டி.என்.எஃப்.-ஆல்ஃபா, கொழுப்புத் திசுவிலேயே உற்பத்தியாகி இன்சுலினைத் தடுக்கிறது என்று 1993-இல் ஹார்வர்டில் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் மூட்டை என்ற எண்ணம் அதன் பிறகு மாறியது. அழற்சியும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் ஒன்றை ஒன்று தூண்டக்கூடியவை. இன்னொரு நட்டம்: இன்சுலினுக்குத் துணைபோகும் அடிபோநெக்டின் என்ற ஹார்மோனும் கொழுப்புச் செல் சுரப்பதுதான்; பருத்த செல் அதைக் குறைத்துக்கொள்கிறது.

கணையம் ஓயும்போது

செல்லின் காது மந்தமானதும் கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். இந்தக் கட்டம் பல ஆண்டுகள்கூட நீடிக்கும். சோதித்தால் சர்க்கரை நார்மல் என்றே வரும். ஆனால் கூடுதல் இன்சுலின் கல்லீரலைப் பார்த்து 'இன்னும் கொழுப்பைத் தயாரி' என்கிறது, கொழுப்புச் செல்லைப் பார்த்து 'இருப்பதை வெளியே விடாதே' என்கிறது. கல்லீரலில் பெருகிய கொழுப்பு இரத்தத்தில் ட்ரைகிளிசரைடாக வெளியேறி, கணையம் வரை போய்ப் படிகிறது.

இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்கு ஒரு பிறவிப் பலவீனம் உண்டு. முன்பு சொன்ன காவல்படையில் கேட்டலேஸும் குளூட்டாத்தியோன் பெராக்சிடேஸும் இவற்றில் மிகக் குறைவு. கல்லீரலோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆக, உடம்பிலேயே அதிகம் உழைக்க வைக்கப்படும் செல்லுக்குத்தான் பாதுகாப்பு மிகக் குறைவு. கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து தாக்கும்போது முதலில் அவை வேலையை நிறுத்துகின்றன, பிறகு சாகின்றன. இங்கிலாந்தில் நடந்த யு.கே.பி.டி.எஸ். என்ற பெரிய ஆய்வின்படி, சர்க்கரை நோய் கண்டறியப்படும் நாளிலேயே பீட்டா செல்களின் செயல்திறன் ஏறத்தாழப் பாதியாகிவிட்டிருக்கிறது.

பிறகு ஏறிய சர்க்கரையே கசிவைப் பெருக்குகிறது. கண், சிறுநீரகம், நரம்பு மூன்றிலும் வரும் பாதிப்புகளுக்கு மைட்டோகாண்ட்ரியாவில் பிறக்கும் சூப்பர்ஆக்சைடு ஒரு பொதுவான வேர் என்று அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ 2001-இல் விளக்கினார். நோய் வந்த பின்னும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டியதற்கு இதுவும் காரணம். 'வந்ததுதான் வந்துவிட்டதே' என்று விட்டுவிடக் கூடாது.

உங்கள் பைலிலேயே இருக்கும் அடையாளங்கள்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்த பைல் ஒன்று அநேகமாக வீட்டு அலமாரியில் இருக்கும். சர்க்கரை நார்மல் என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு மூடி வைத்திருப்பீர்கள். அதை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் வயிற்று ஸ்கேன். 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று இருக்கிறதா? "அது எல்லாருக்கும்தான் இருக்கு" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பலருக்கு இருப்பது உண்மைதான், அதனால் அது சாதாரணம் ஆகிவிடாது. குதிர் நிரம்பி வழிகிறது என்பதன் எழுத்து வடிவம் அது. அடுத்து, இரத்தக் கொழுப்பில் ட்ரைகிளிசரைடு 150-க்கு மேலும், எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்குக் கீழும் பெண்களுக்கு 50-க்குக் கீழும் உள்ளதா? "நான் எண்ணெயையே தொடுறதில்லையே" என்பவர்களுக்கும் ட்ரைகிளிசரைடு ஏறுவதுண்டு. சோறும் சர்க்கரையும் மிஞ்சினால் கல்லீரல் அதையும் கொழுப்பாக்கிவிடும். மூன்றாவதாக, கல்லீரல் சோதனையில் எஸ்.ஜி.பி.டி. வரம்புக்குச் சற்று மேலே நிற்கிறதா? மதுப் பழக்கமோ மஞ்சள் காமாலையோ இல்லாமல் இது உயர்ந்திருந்தால் கல்லீரல் கொழுப்பைச் சந்தேகிக்கலாம்.

பைல் இல்லாவிட்டால் கண்ணாடி இருக்கிறது. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கருத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை, தேய்த்தாலும் போகாது. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் இதைக் காணலாம். கழுத்தில் அழுக்கு என்று பிள்ளையைத் திட்டுவதற்கு முன் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

இஞ்சு டேப்பைப் பிடிக்கும் விதம்

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப் போதும். பேன்ட் அளவைச் சொல்லாதீர்கள். "34தான் போடுறேன்" என்கிற ஆண்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுகிறவர்கள். விலா எலும்பின் கடைசி நுனியைத் தொட்டுப் பாருங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில், பக்கவாட்டில் ஒரு புள்ளி. அந்த மட்டத்தில் டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் சரிந்திருக்கக் கூடாது என்பதால் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லலாம். வயிற்றை எக்க வேண்டாம். சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட நிலையில் படிக்க வேண்டும், சட்டைக்கு மேலே அல்ல, தோல் மேலே. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அங்குலத்தில் சொன்னால் ஏறத்தாழ முப்பத்தைந்தரையும் முப்பத்தொன்றரையும்.

இந்த ஒரு அளவை வைத்தே மேலும் ஒரு கணக்குப் போடலாம். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் அது. வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. வயிற்றளவு எல்லைக்குள் இருந்தால் 0, எல்லையிலிருந்து அடுத்த பத்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் 10, அதற்கும் மேல் 20. உடற்பயிற்சியும் கடின உழைப்பும் இரண்டும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லை என்றால் 30. பெற்றோரில் யாருக்கும் சர்க்கரை இல்லை என்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டுத்தொகை 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம், இரத்தப் பரிசோதனை கட்டாயம்.

வயது 38, வயிறு 94 சென்டிமீட்டர், கம்ப்யூட்டர் முன் வேலை, நடை கிடையாது, அப்பாவுக்குச் சர்க்கரை. இப்படி ஓர் ஆணுக்கு 20, 10, 30, 10 என்று 70 வரும். இதே ஆள் தினமும் உடற்பயிற்சி தொடங்கி வயிற்றை 89-க்குக் கொண்டுவந்தால் 50. வயதும் அப்பாவும் மாறவில்லை.

மாத்திரை டப்பாவில் தேட வேண்டாம்

ஆக்சிஜனேற்றம்தான் கெடுக்கிறது என்றால் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். மருந்துக்கடை அலமாரி ஒன்று முழுக்க இந்த நியாயத்தின் மேல்தான் நிற்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சோதித்துப் பார்த்தபோது அது தேறவில்லை.

அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சர்க்கரை நோய் வந்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை. செலினியம் இன்னும் மோசம். அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று விற்கப்படுவதுதான். தினம் 200 மைக்ரோகிராம் எடுத்துக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் கூடுதலாகவே வந்தது என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

எனக்குப் பிடித்த சோதனை ஜெர்மனியில் நடந்து 2009-இல் வெளியானது. 39 இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பாதிப் பேருக்கு வைட்டமின் சி 1000 மில்லிகிராம், வைட்டமின் இ 400 யூனிட் கூடவே கொடுத்தார்கள். மாத்திரை இல்லாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. உடற்பயிற்சியின்போது சற்று நேரம் எழும் ஆக்சிஜன் மூலக்கூறுகள்தான் உடம்பின் சொந்தக் காவல்படையைத் திரட்டும் அழைப்பு. மாத்திரை அந்த அழைப்பையே அணைத்துவிட்டது.

கீரையும் நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுங்கள், தாராளமாக. அவை நல்ல சாப்பாடு என்பதற்காக, வயிற்றை நிரப்பிச் சோற்றைக் குறைப்பதற்காக. அதே நெல்லிக்காய் தேனில் ஊறியோ சர்க்கரைப் பாகாகவோ பாட்டிலில் வந்தால் வேண்டாம். டாக்டர் ஏதாவது குறைபாட்டுக்கு வைட்டமின் எழுதிக்கொடுத்திருந்தால் அது வேறு கதை, நிறுத்தாதீர்கள்.

வரவைக் குறைக்க

கசிவை அடைக்க முடியாது. குவிகிற எரிபொருளைக் குறைக்கலாம். தமிழ்நாட்டுச் சாப்பாட்டில் அது முதலில் சோறு. 21 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வின் 2020 முடிவின்படி, தெற்காசியாவில் நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை நோய் அபாயம் 61 சதவீதம் அதிகம். 450 கிராம் சோறு என்பது நம் மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை வாங்கினாலே முடிந்துவிடும் அளவு. இரவு தோசை தனி.

சோற்றை விட்டுவிடச் சொல்லவில்லை, விடவும் மாட்டீர்கள். முறையை மாற்றுங்கள். தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் வரட்டும், தொட்டுக்கொள்ளும் அளவில் இல்லாமல் பாதித் தட்டுக்கு. கூடவே சுண்டலோ முட்டையோ மீனோ. அதில் பெரும்பகுதியைச் சாப்பிட்டு முடித்த பிறகு சோறு. காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டால் அதே உணவுக்கே இரத்தச் சர்க்கரை குறைவாக ஏறுவதைப் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். சர்க்கரையின் ஏற்ற இறக்கமே ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுவதாக பிரான்ஸில் செய்த ஓர் ஆய்வு 2006-இல் சொன்னது. ஆகவே ஏற்றத்தைத் தணிப்பது இரட்டை லாபம்.

காபி, டீயில் போடும் சர்க்கரையை எண்ணுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளுக்கு நான்கு டம்ளர் என்றால் மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் போகிறது. ஜூஸ், குளிர்பானம் பற்றி விளக்கம் தேவையில்லை. முறுக்கும் வடையும் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். காயக் காய அதிலேயே ஆக்சிஜனேற்றப் பொருட்கள் சேருகின்றன. போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2018-இல் விதி கொண்டுவந்துவிட்டது. கறுத்துப் பிசுபிசுத்த எண்ணெயில் பஜ்ஜி போடும் கடையைக் கடந்து போய்விடுவதே நல்லது. புகைப்பவர்கள் வேறு எதையும் தொடங்குமுன் அதை நிறுத்தட்டும்: புகையின் ஒவ்வொரு இழுப்பும் ஆக்சிஜனேற்றப் பொருட்களை நேரே உள்ளே அனுப்புகிறது, சர்க்கரை நோய் வரும் வாய்ப்பையும் 30 முதல் 40 சதவீதம் கூட்டுகிறது.

செலவைக் கூட்ட

தேங்கிய வரிசையை ஓட வைக்கும் ஒரே வழி தசையை அசைப்பது. அசையும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளூட்-4-ஐ மேலே கொண்டுவந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வசதியாக இருக்கும் நேரத்தில் நடக்கலாம். இருந்தாலும் நேரம் பார்த்து நடப்பதில் கூடுதல் பலன் உண்டு. நியூசிலாந்தில் சர்க்கரை நோயாளிகள் 41 பேரை வைத்து ஒப்பிட்டார்கள்: ஏதோ ஒரு நேரத்தில் மொத்தமாக அரை மணி நேரம் நடப்பதா, மூன்று வேளையும் சாப்பிட்டதும் பத்துப் பத்து நிமிடம் நடப்பதா? இரண்டாவது முறையில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம். மொட்டை மாடியோ தெருவோ, சீரியல் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம்.

நடையோடு நிறுத்தாமல் வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது எல்லாமே கணக்கு. நம் உடம்பில் கொழுப்பு அதிகம் என்பதன் மறுபாதி, தசை குறைவு என்பது.

எவ்வளவு குறைந்தால் போதும்?

நினைப்பதைவிடக் கொஞ்சம்தான். அமெரிக்காவின் டயாபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராமில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 3,234 பேர் சேர்ந்தனர். 7 சதவீத எடை இழப்பு, வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்கோடு இருந்தவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 70 கிலோ ஆளுக்கு 7 சதவீதம் என்பது ஐந்து கிலோ. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அபாயம் சுமார் 16 சதவீதம் இறங்கியது.

நம் ஊர் ஆய்வு இன்னும் சுவாரசியமானது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்டது. எந்த மாற்றமும் செய்யாதவர்களில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். இவர்களுக்கு எடை குறிப்பிடத்தக்க அளவு இறங்கவே இல்லை. எடை மெஷின் அசையவில்லை என்று மூன்றாவது வாரத்திலேயே கைவிடுகிறவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். மெஷினைவிட டேப்பை நம்புங்கள்.

ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கும் வழி அடைபடவில்லை. நோய் கண்டறிந்து ஆறு ஆண்டுகளுக்குள், இன்சுலின் ஊசி போடாத 306 பேரைச் சேர்த்து பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வில், பாதிப் பேருக்கு மருத்துவக் கண்காணிப்பில் நாளுக்கு 850 கலோரி அளவில் சில மாதங்கள் உணவைக் கட்டுப்படுத்தினார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலேயே சர்க்கரை, நோய் வரம்புக்குக் கீழே வந்திருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 சதவீதம். ஒல்லியானவர்களுக்கும் இது பொருந்துமா? இந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒரு பகுதியினரான நியூகாசில் குழுவினர் பி.எம்.ஐ. 27-க்குக் கீழே இருந்த 20 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தனர். 14 பேர் மருந்தை விட்டனர். இது நிரந்தர விடுதலை இல்லை. எடை திரும்பினால் நோயும் திரும்பும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கிளைமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு நாளைக் காலையே சோற்றைப் பாதியாக்காதீர்கள். மருந்து பழைய அளவிலும் சாப்பாடு புதிய அளவிலும் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். முதலில் உங்கள் டாக்டரிடம் "சாப்பாட்டைக் குறைக்கப் போறேன், மருந்தை எப்படி மாத்தணும்?" என்று கேளுங்கள். மருந்து எதுவும் எடுக்காதவர்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே நடக்கத் தொடங்கலாம். அபாய மதிப்பெண் 60-ஐத் தொட்டவர்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையையும் இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். அதில் 140 முதல் 199 வரை வந்தால் நீங்கள் முந்தைய நிலையில் இருக்கிறீர்கள், 200-ஐத் தொட்டால் டாக்டரைப் பார்க்கும் வேளை வந்துவிட்டது.